சித்தப்பாவுக்கு எந்தக் குரோஷியத் தொப்பி?

சித்தப்பா வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் தொப்பிதான். குலு தொப்பி, நேபாளத்து டாக்கா தொப்பி, யாரோ துருக்கியிலிருந்து கொண்டுவந்த ஃபெஸ், இன்னும் பெயர் தெரியாத நாலைந்து. சொந்தத்தில் யார் எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு ஒரு தொப்பி வந்து சேர்ந்துவிட வேண்டும். வெறுமனே மாட்டி வைப்பவராக இருந்தால் பரவாயில்லை. முறை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு காலையில் நடக்கப் போவார். சிக்கலே அங்கேதான்.

அடுத்த மாதம் அவர் மகள், அதாவது என் சித்தி பெண், கணவரோடு குரோஷியா போகிறாள். தலைநகர் சாக்ரெப், பிளித்விட்சே ஏரிகள், அப்புறம் கடற்கரையோரமாக டுப்ரோவ்னிக் வரை பத்து நாள். சாக்ரெபில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் போன் எனக்கு வந்தது. "அக்கா, அப்பாவுக்கு அங்க எந்தத் தொப்பி வாங்கலாம்? எனக்கும் தலையில போட்டுக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா?"

அடுப்பில் பால் இருந்தது. "ஷிபெனிக் தொப்பி வாங்கு, உனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. பதில் சரி, ஆனால் காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் போனால் முதல் கடையில் கண்ணில் படுவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். நானே ஒருமுறை அப்படி வாங்கியிருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒரு விஷயம். "குரோஷியத் தொப்பி" என்று ஒன்று கிடையாது. நாடு சின்னதுதான், மக்கள்தொகை 40 லட்சத்துக்குப் பக்கம். ஆனால் தலையில் போடுவது மட்டும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். அங்கே நாட்டார் உடைகளை ஆராய்கிறவர்கள் நாட்டை மூன்றாகப் பிரிப்பார்கள். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பன்னோனியச் சமவெளி, நடுவில் டினாரிக் மலைப்பகுதி, மேற்கே ஏட்ரியாட்டிக் கடற்கரையும் தீவுகளும். சமவெளியில் சணல்நார் வெள்ளைத் துணியும் ஜரிகையும், மலையில் கம்பளி, கடற்கரையில் பட்டும் லேஸும். என்ன விளைந்ததோ, எந்தப் பேரரசு ஆண்டதோ, அது தலையில் தெரியும். வடக்கு ஆஸ்திரிய, ஹங்கேரியக் கையில் இருந்தது. கடற்கரையில் பெரும்பகுதியை வெனிஸ் வைத்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒட்டோமான்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். நம்மூரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கால் விரலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அங்கே தலையைப் பார்த்தால் போதும். கன்னிப்பெண் என்றால் குட்டித் தொப்பியோ பூ வளையமோ இருக்கும், இல்லையென்றால் வெறும் பின்னல். கல்யாணம் ஆன அன்றே முடியைச் சுருட்டி உள்ளே வைத்து மேலே துணி கட்டிவிடுவார்கள். கல்யாணத்தன்று இரவு மணப்பெண்ணின் தலை வளையத்தைக் கழற்றிவிட்டு, மணமானவளுக்கு உரிய தலைத்துணியைக் கட்டிவிடுவது பல ஊர்களில் தனிச் சடங்கு.

இதில் விளையாட்டே இல்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி. ஆல்பெர்ட்டோ ஃபோர்டிஸ் என்ற இத்தாலியப் பாதிரியார் டால்மேஷியா என்கிற தென் கடற்கரைப் பகுதியின் உள்நாட்டு மலைகளில் சுற்றிவிட்டு 1774-இல் ஒரு பயணநூல் வெளியிட்டார். அங்கே கன்னிப்பெண்கள் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார்கள், அதில் வெள்ளிக் காசும் சிப்பியும் இறகும் கோத்திருந்தார்கள் என்று எழுதுகிறார். ஒரு பெண்ணின் பெயர் கெட்டுப்போனால் கோயிலுக்குள் எல்லார் முன்னாலும் பாதிரியார் அந்தச் சிவப்புத் தொப்பியைப் பிடுங்கிவிடுவாராம், உறவுக்காரர் ஒருவர் முடியை வெட்டிவிடுவாராம். படிக்கும்போது வயிறு கலங்கும். இன்று சுற்றுலாக் கடையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சிவப்புத் தொப்பிக்கு இப்படியும் ஒரு முன்னோர் உண்டு.

அதனால் தங்கச்சிக்கு நான் சொல்வது: அழகைப் பார்த்து எடுக்காதே. அந்தத் தொப்பி யாரைப் பற்றி, என்ன சொல்கிறது என்று பார். அதைச் சித்தப்பா தலையில் வைத்தால் பொருந்துமா என்று பார்.

சித்தப்பாவுக்கு உண்மையில் போட்டி இரண்டே இரண்டுக்குள்தான். லீக்கா தொப்பி, ஷிபெனிக் தொப்பி. இரண்டும் ஆண்கள் போடுவது, இரண்டும் இன்றும் செய்து விற்கப்படுவது, இரண்டும் அவர்கள் போகிற வழியிலேயே கிடைப்பது.

லீக்கா தொப்பியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாக்ரெபிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் நெடுஞ்சாலை லீக்கா வழியாகத்தான் போகிறது. உயரமான, குளிரான, ஆள் குறைவான நிலம். மேற்கே வெலெபிட் மலை சுவர்போல நின்று கடலை மறைக்கும். உருளைக்கிழங்கு, ஆடு, ஓநாய்க் கதைகள், இதுதான் ஊர். நிக்கோலா டெஸ்லா 1856-இல் பிறந்த ஸ்மில்யான் கிராமம் இங்கே, கோஸ்பிச் நகருக்குப் பக்கத்தில்தான். ஒட்டோமான்களைத் தடுக்க ஆஸ்திரியா வைத்திருந்த எல்லைப் படைப் பகுதியில் சேர்ந்திருந்தது லீக்கா. அந்த ஏற்பாடு 1881 வரை நீடித்தது. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் பாதி உழவர், பாதி படைவீரர்.

தொப்பியும் அப்படித்தான் இருக்கும், விறைப்பாக. மேலே தட்டையான சிவப்பு வட்டம், சுற்றிக் கறுப்புப் பட்டை, பின்னால் பிடரி மேல் விழுகிற கறுப்புக் குஞ்சம். தலையைத் திருப்பினால் குஞ்சமும் கூடவே திரும்பும். வயதான லீக்காக்காரர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது, மன்னிக்கணும், வேறு எந்தத் தொப்பியும் எதிரில் நிற்காது. சிவப்பு என்றால் சிந்திய ரத்தம், கறுப்பு என்றால் துக்கம் என்று கதை சொல்வார்கள். யார் ரத்தம், யாருக்குத் துக்கம் என்பது சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். ஒரு தொப்பிக்கு இரண்டு வண்ணம் இருந்தால் மனிதன் கதை கட்டாமல் விடமாட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கத்து நாடான மாண்டினீக்ரோவின் தொப்பியும் மேலே சிவப்பு, சுற்றிலும் கறுப்பு. அங்கே அந்தக் கறுப்பு 1389 கொசோவோ போரின் தோல்விக்கான துக்கம் என்பார்கள். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிவப்பு வட்டத்தில் ஜரிகை வேலைப்பாடு இருந்து, பின்னால் குஞ்சம் இல்லையென்றால் அது மாண்டினீக்ரோவுடையது. டுப்ரோவ்னிக்கிலிருந்து அந்த நாட்டு எல்லை ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. குஞ்சத்தைப் பார்த்து வாங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீக்காவில் குரோஷியர்களும் செர்பியர்களும் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தார்கள். தொப்பியும் இரு தரப்புக்கும் பொதுவாகத்தான் இருந்தது. 1991 முதல் 1995 வரை நடந்த போரில் அந்த நிலமே கிழிந்தது. வெறிச்சோடிப் போன வீடுகளைச் சாலையிலிருந்தே இன்றும் பார்க்கலாம். அதனால் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்து, கீழே நகைச்சுவையாக ஏதாவது எழுதிப் போடுவதை மட்டும் தவிர்த்துவிடு. சாக்ரெபில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டு அலமாரியில் அவருடைய தாத்தாவின் லீக்கா தொப்பி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினார். குஞ்சத்தின் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியாகிவிட்டிருந்தன. உள்பட்டையில் வியர்வைக் கறை, அதன் ஓரத்தில் வேறு நிற நூலால் யாரோ போட்ட தையல். நான் கையில் வாங்கியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் தலையில் வைத்துப் பார்க்கக் கேட்கவில்லை.

சரி, ஷிபெனிக்.

ஷிபெனிக் கடற்கரை ஊர். கல்லாலேயே கட்டிய புனித யாக்கோபு பேராலயம் அங்கே இருக்கிறது. 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கூடைப்பந்து பிடித்தவர்களுக்கு டிராஜென் பெட்ரோவிச் பிறந்த ஊர் என்றால் தெரியும். கர்கா அருவிக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தொட்டுத்தான் போவார்கள். தங்கச்சியும் போவாள்.

இந்த ஊர்த் தொப்பி ஆரஞ்சு நிறம். சிவப்பு என்று சொல்லிவிட முடியாது, காவி என்றும் சொல்ல முடியாது, நன்றாகப் பழுத்த கமலாப் பழத் தோலின் நிறம். உள்நாட்டு மலைக்காரர்களின் சிவப்புத் தொப்பிக்கு உறவுதான், ஆனால் நகரத்துக்கு வந்து சின்னதாகி, மெருகேறிவிட்டது. ஆழமில்லாத கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல இருக்கும். தலையை மூடாது, உச்சியில் உட்காரும். சுற்றிலும் கறுப்புப் பட்டு நூலால் செய்த வேலைப்பாடு. அந்த வேலைப்பாட்டை ஊர்க்காரர்கள் பூலே என்கிறார்கள். விரலை வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டும் மிளகு அளவுக்குத் தனித்தனியாக மேடு தட்டும். ஒன்று போல ஒன்று இருக்காது. கொஞ்சம் பெரியது, கொஞ்சம் சாய்ந்தது, நூல் தீர்ந்து புது நூல் தொடங்கிய இடத்தில் சற்றே இறுக்கமானது. உட்கார்ந்து தைத்தவரின் மாலைநேரம் அதில் தெரியும்.

இந்தத் தொப்பி செய்யும் கலையைக் குரோஷியாவின் பண்பாட்டு அமைச்சகம் பாதுகாக்கப்பட்ட மரபாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தத் தொப்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊரின் கால்பந்து அணி ஆரஞ்சுச் சட்டையில்தான் ஆடுகிறது. வாத்தியமில்லாமல் ஆண்கள் கூடிப் பாடும் கிளாப்பாக் குழுக்கள் ஊர்விழாவில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சாவுக்கும் போருக்கும் கட்டிப்போடாத தொப்பி இது. ஊர்ப்பெருமை உண்டு, ஆனால் வெளியூர்க்காரர் போட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். என் தலையில் ஒருவர் தாமாகவே எடுத்து வைத்து, கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, "இப்படி" என்று காட்டினார். லீக்கா தொப்பியோடு எனக்கு அது நடக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வெயிலுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, முகத்துக்கு நிழலே விழாது. பூரா என்று ஒரு காற்று மலையிலிருந்து கடலை நோக்கித் திடீரென்று இறங்கும். அதில் இது தலையில் நிற்காது, ஓடிப் பிடிக்க வேண்டியதுதான். மெரினா காற்றில் எப்படி இருக்கும் என்று சித்தப்பாதான் சொல்ல வேண்டும்.

ஆக, லீக்கா தொப்பி கம்பீரம். கறுப்பும் சிவப்பும் குஞ்சமும் சேர்ந்து சுவரில் தனியாகத் தெரியும். ஆனால் கனமான துணி, சென்னை வெயிலில் பத்து நிமிஷம் தாங்காது. குஞ்சம் வியர்வையில் கழுத்தோடு ஒட்டும். ஷிபெனிக் தொப்பி சுவரில் அவ்வளவு எடுக்காது, தலையில்தான் எடுக்கும். சித்தப்பா போட்டுக்கொண்டு நடக்கிறவர். அதனால்தான் போனில் அப்படிச் சொன்னேன். அவர் வெறும் சுவர்க்காரராக இருந்திருந்தால் யோசிக்காமல் லீக்கா என்றிருப்பேன்.

மற்றதெல்லாம் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பாள். சாக்ரெபைச் சுற்றிய ஊர்களிலும் கிழக்கே ஸ்லவோனியாவிலும் ஆண்களுக்குக் கறுப்புத் தொப்பிகள் உண்டு, குளிருக்கு ஆட்டுத்தோல் குல்லா உண்டு. நல்லவைதான், ஆனால் விவரம் தெரியாதவர் கண்ணுக்குச் சாதாரணத் தொப்பியாகவே தெரியும். ஆட்டுத்தோலை மே மாதத்துச் சென்னைக்குக் கொண்டுவருவது பாவம்.

சின்யி ஊரின் ஆல்கா வீரர்கள் போடும் உரோமத் தொப்பி காசுக்குக் கிடைக்காத ரகம். 1715-இல் ஒட்டோமான் படையை விரட்டிய நினைவாக அங்கே ஆல்கா என்ற குதிரைப் போட்டி நடக்கிறது. ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை, குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது கயிற்றில் தொங்கும் இரும்பு வளையத்தை ஈட்டியால் குத்தி எடுக்க வேண்டும். சின்யியையும் அதைச் சுற்றிய செத்தினாப் பகுதியையும் சேர்ந்த குடும்பத்து ஆண்கள் மட்டுமே இறங்கலாம். அவர்கள் தலையில் இறகு செருகிய அந்த உரோமத் தொப்பி. அதன் நகலை எங்காவது விற்றாலும் வாங்காதே. சம்பாதித்துப் போட வேண்டியதை வாங்கிப் போடுவது நன்றாக இருக்காது.

பட்ஜெட் இடித்தால் இன்னொரு வழி இருக்கிறது, சிரிக்காதே. குரோஷியக் கால்பந்து ரசிகர்கள் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வாட்டர் போலோ குல்லா மாட்டிக்கொண்டு அரங்குக்குப் போவார்கள். காது மூடியோடு, தாடையில் கட்டும் நாடாவோடு. 2018 உலகக் கோப்பையில் அவர்கள் இறுதிப் போட்டி வரை வந்தபோது உலகமே பார்த்தது. நாட்டின் சின்னத்தில் இருக்கும் கட்டம்தான் அது. பழைமை எதுவும் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. இன்றைய குரோஷியர்கள் கூட்டமாகப் போட்டுக்கொள்கிற தொப்பி எது என்று கேட்டால் நேர்மையான பதில் இதுதான். சித்தப்பாவின் பேரன் சண்டை போட்டு வாங்கிக்கொள்வான்.

இப்போது தங்கச்சியின் இரண்டாவது கேள்வி. "எனக்கு?"

டுப்ரோவ்னிக்குக்குத் தெற்கே கொனாவ்லே என்று ஒரு பள்ளத்தாக்கு. டுப்ரோவ்னிக் விமான நிலையமே அங்கே சிலிப்பி என்ற ஊரில்தான் இருக்கிறது. வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சிலிப்பி கோயில் முன்னால் ஊர்க்காரர்கள் பாரம்பரிய உடையில் ஆடுவார்கள். அங்கே போய் நின்றால் நான் சொல்வதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். சில பெண்கள் தலையில் ஜரிகை வேலை செய்த குட்டிச் சிவப்பு வட்டத் தொப்பி. சிலர் தலையில் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பெரிய வெள்ளைத் துணி, கப்பல் பாய் விரித்தாற்போல. சிவப்பு என்றால் கல்யாணம் ஆகாதவள், வெள்ளை என்றால் ஆனவள்.

சிவப்புத் தொப்பி கொள்ளை அழகு. தங்கச்சி அதைப் பார்த்தால் விடமாட்டாள். கல்யாணமாகி நாலு வருடம், பக்கத்தில் மாப்பிள்ளை நிற்க, தலையில் "எனக்கு இன்னும் வரன் பார்க்கிறார்கள்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பது போல ஆகும். கொனாவ்லே பாட்டிகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை நமக்குத் தெரியாததா?

வெள்ளைத் துணியை வாங்கலாமே என்றால், அது துணி மட்டும்தான். மடிப்பும் கஞ்சியும் ஊசியும் சேர்ந்துதான் அது தலையணியாக மாறும். நம்மூரில் ஒன்பது கஜப் புடவையை வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டத் தெரிந்த ஆளைக் கூட அனுப்பாமல் விட்ட கதையாகிவிடும்.

கொனாவ்லேயில் வாங்க வேண்டியது பட்டுப்பூவேலை. இழையை எண்ணி எண்ணிப் போடும் கட்டக் கட்டமான கோலம், சட்டையின் மார்புப் பகுதியிலும் கைமுனையிலும் வரும். முன்பு பட்டுப்புழுவை வீட்டிலேயே வளர்த்து நூல் எடுப்பார்கள். புழு முட்டை பொரிய வெதுவெதுப்பு வேண்டும் என்பதால் பெண்கள் அதைத் துணியில் முடிந்து மார்புக்குள் வைத்திருப்பார்கள் என்று அங்கே சொல்வார்கள். 1991 போரில் இந்தப் பள்ளத்தாக்கு சூறையாடப்பட்டது, வீடுகள் எரிந்தன. பெட்டியோடு போன பழைய உடைகள் எத்தனையோ. மிஞ்சியதைப் பார்த்து மறுபடி கற்றுக்கொண்டவர்கள் இன்று தைக்கிறார்கள். கையகல அளவில் ஒரு துண்டு வாங்கிச் சட்டம் போட்டால், தொப்பியைவிட அது நிறையப் பேசும்.

தலைத்துணியிலேயே உச்சம் எது என்று என்னைக் கேட்டால், நாட்டின் கிழக்குக் கோடியில் ஸ்லவோனியாவின் ஷாமியா என்பேன். இளம் மனைவிமார் கட்டியது. பட்டுத் துணியில் ஜரிகையாலேயே பூ, இலை, திராட்சைக் கொத்து. தங்கநூல் விலை அதிகம் என்பதால் அதைத் துணியின் பின்பக்கம் போக விடமாட்டார்கள். அட்டையில் பூ வடிவம் வெட்டித் துணி மேல் வைத்து, தங்கநூலை அதன் மேலேயே ஓட்டி, சாதா நூலால் ஓரத்தில் பிடித்துப் போவார்கள். தங்கம் முழுவதும் முகத்தில், முதுகில் வெறும் நூல். சிக்கனமும் பகட்டும் ஒரே தையலில் என்று சொல்லலாம். இதோடு கழுத்தில் தங்கக் காசு வரிசை வேறு. நம் காசுமாலையைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. ஜாக்கொவோ ஊரில் 1967-இல் தொடங்கிய பூவேலைத் திருவிழா ஜூலை தொடக்கத்தில் நடக்கும். ஷாமியா பார்க்க அதுதான் இடம். தங்கச்சி போகும் பாதையில் அந்த ஊர் வரவில்லை. வந்தாலும், நல்ல ஷாமியா அவள் விமான டிக்கெட்டோடு போட்டி போடும். அதை முறையாகக் கட்டவும் பழகின கை வேண்டும்.

பாக் தீவின் தலைத்துணிக்கும் இதே கதைதான். கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, ஓரத்தில் பாக் லேஸ், இரண்டு பக்கமும் கொம்புபோலக் கூராக நிற்கும். அந்த லேஸ் வெறும் தையல் ஊசியால் காற்றில் கட்டியது போன்ற வேலை. குரோஷிய லேஸ் கலை 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதே வருடம் அந்தப் பட்டியலில் ஏறிய இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், தொப்பிக் கதையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஸ்லவோனியாவில் கொர்யானி என்று ஒரு கிராமம். பெந்தெகோஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாளில் அங்கே இளம்பெண்கள் வீடு வீடாக ஆடிப் பாடிப் போவார்கள். சிலர் ராணிகள், தலையில் மணப்பெண் மாதிரி வெள்ளை வளையம். மீதிப்பேர் ராஜாக்கள், பூச்சுற்றிய ஆண்கள் தொப்பி, கையில் வாள். உடுத்தியிருப்பது கிட்டத்தட்ட ஒரே உடைதான். ராஜாவா ராணியா என்பதைத் தொப்பிதான் சொல்கிறது.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? என் மழைக்கதை இங்கேதான் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் ஸ்ப்ளிட்டில் ஒரு கடற்கரைக் கடையில் சிவப்புத் தொப்பி ஒன்று வாங்கினேன். "டால்மேஷியத் தொப்பி, அசல்" என்றார் கடைக்காரர். எந்த ஊர் என்று கேட்டேன். "டால்மேஷியா" என்றார் மறுபடி. அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். சாக்ரெப் திரும்பிய வாரம் டிராம் நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டி என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து காகிதத் துண்டை எடுத்து நீட்டினார். நெற்றியிலிருந்து மூக்கு வரை சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. அடிபட்டுவிட்டதென்று நினைத்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பில் டிராமையே விட்டுவிட்டோம்.

அதனால் முதல் கேள்வி, "இது எந்த ஊர்த் தொப்பி?" ஊர் பெயர் வராவிட்டால் வெளியே வந்துவிடு. இரண்டாவது, வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து உள்பக்க ஓரத்தில் தேய்த்துப் பார், கடைக்காரர் விட்டால். மூன்றாவது, பொட்டுகள். எல்லாம் அச்சுக் குத்தினாற்போல ஒரே அளவில், தட்டையாக இருந்தால் இயந்திர வேலை. அதை வாங்கக் கூடாது என்றில்லை, கைவேலை விலைக்கு வாங்கக் கூடாது. ஷிபெனிக் தொப்பியை ஷிபெனிக்கிலேயே வாங்கு, டுப்ரோவ்னிக் வரும்வரை தள்ளிப்போடாதே.

சாக்ரெபில் ஒரு அரை நாளாவது ஒதுக்கி, 1919-இல் தொடங்கிய இனவியல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ. நல்லது எப்படி இருக்கும் என்று முதலிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கடையில் ஏமாறுவது குறையும். அங்கிருந்து டோலாட்ஸ் சந்தை நடக்கிற தூரம்தான். சிவப்புக் குடைகளுக்குக் கீழே காய்கறி விற்கிற இடத்தில், தலையில் கூடை சுமந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் சிலை இருக்கும். அவள் தலைத்துணி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சுற்றிவந்து பார். அதற்குக் காசு கிடையாது.

இதையெல்லாம் நேற்றிரவு அவளிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ரெண்டையும் வாங்கிட்டா என்னக்கா? ஒண்ணு நடக்கப் போறப்ப, ஒண்ணு செவுத்துக்கு" என்றாள். வாங்கலாம், லீக்கா தொப்பியின் குஞ்சம் மடங்காமல் பெட்டியில் வைக்க இடமிருந்தால். இல்லாவிட்டால் ஷிபெனிக் மட்டும் போதும், அதைக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. அங்கே தொப்பி அளவு தலைச்சுற்றளவு சென்டிமீட்டரில்தான் கேட்பார்கள். சித்தியிடம் நூல் கொடுத்து, தூங்கும்போது அளக்கச் சொன்னேன். பாதியில் விழித்துவிட்டாராம். 57.